ஒரு பாயளவு இடம் போதும்: பிலாட்டிஸ் பயிற்சியின் முதற் பாடம்

ஐந்தாம் தரம் வரை கடற்கரை மணலில் ஓடித் திரியும் பெண்பிள்ளை, ஒன்பதாம் பத்தாம் தரங்களுக்கு வரும்போது ஓட்டத்தை ஏறக்குறைய மறந்துவிடுகிறாள். நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் இது வழமையாகக் காணும் காட்சிதான். காலையில் பாடசாலைக் கதிரை, பின்னேரம் ரியூசன் வாங்கு, இரவில் வீட்டு மேசை, மிஞ்சிய நேரத்தில் குனிந்த தலையோடு கைபேசி. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது "உம்மா, நாரி நோகுது" என்று மகள் சொல்கிறாள். குசினியிலும் கிணற்றடியிலும் குனிந்து நிமிர்ந்த உம்மாவுக்கும் அதே நாரி நோ இருக்கிறது. பதினெட்டு வயதும் நாற்பத்தைந்து வயதும் ஒரே தைலப் போத்தலைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய நிலையன்று. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகளாவிய கணிப்பின்படி, 11 முதல் 17 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ 78 சதவீதத்தினரும் பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தினரும் இந்த அளவை எட்டுவதில்லை. அதாவது, பெண்பிள்ளைகள் நூறு பேரில் பதினைந்து பேர்தான் போதியளவு இயங்குகிறார்கள்.

காரணம் கேட்டால் பதில்கள் தயாராக இருக்கும். விளையாட இடமில்லை, நேரமில்லை, பெண்பிள்ளைகள் வெளியில் ஓடுவது சரிவராது, பயிற்சி தர ஆளில்லை, கருவி வாங்கப் பணமில்லை. இவற்றை வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. பல வீடுகளில் இவை உண்மையான தடைகள்தாம். ஆகவே இந்தத் தடைகளுக்குள் இருந்துகொண்டே செய்யக்கூடிய ஓர் உடற்பயிற்சி முறையை அறிமுகப்படுத்துவதே இப்பாடத்தின் நோக்கம். அதன் பெயர் பிலாட்டிஸ். அதற்கு வேண்டியது ஒரு பாயளவு இடமும், சாத்திய கதவும், இருபது நிமிடமும்.

பெயர் வந்த கதை

பிலாட்டிஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டிஸ் 1883 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமாவாலும் என்புகளை மெலியச் செய்யும் ரிக்கெட்ஸ் நோயாலும் வருந்தியவர் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். நோயாளிப் பிள்ளையாக இருந்தவர், உடலை உறுதியாக்கும் வழிகளைத் தேடித்தேடிக் கற்றார்.

1912 ஆம் ஆண்டளவில் அவர் இங்கிலாந்துக்குப் போனார். 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. ஜேர்மனியர் என்பதால் பிரித்தானிய அரசு அவரைத் தடுப்புக்காவலில் வைத்தது. முதலில் லங்காஸ்டரிலும், பின்னர் மேன் தீவின் நொக்கலோ முகாமிலும் அவர் இருந்தார். நொக்கலோவில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். முகாமில் இருந்த காலத்தில் அவர் தம் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தி, உடனிருந்தோருக்கும் கற்பித்தார். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளுக்காகக் கட்டில் சுருள்வில்லைப் பயிற்சிக் கருவியாக்கினார் என்றும் அவருடைய மாணவர்கள் சொல்லி வந்தார்கள். பின்னாளில் அவர் வடிவமைத்த கருவிகள் சுருள்வில்லின் இழுவிசையால்தான் இயங்கின.

1926 இல் அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பின்னர் கிளாரா என்பவரோடு சேர்ந்து நியூயோர்க் நகரின் எட்டாவது அவெனியூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். காயமடைந்த நடனக் கலைஞர்கள் அங்கே பெருமளவில் வந்தனர். தமது முறைக்கு அவர் இட்ட பெயர் 'கண்ட்ரோலொஜி'. கட்டுப்பாட்டுக் கலை என்று நாம் சொல்லலாம். 1945 இல் வெளிவந்த தமது நூலில் பாயில் செய்யும் 34 பயிற்சிகளைப் படங்களோடு விளக்கினார். 1967 இல் அவர் மறைந்த பின்னரே அவருடைய பெயர் அந்த முறைக்கு நிலையாக ஒட்டிக்கொண்டது.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, 'பிலாட்டிஸ்' என்பது யோகா, கராத்தே போல ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்றும், எவரும் அதைத் தமது வணிகச் சின்னமாக உரிமை கோர முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இதனால் இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் அரைகுறையாகக் கற்றவரும் அதே பெயரில் கற்பிக்கலாம் என்ற நிலையும் வந்தது. தொடங்குவோர் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியது ஒன்று. மைதானமும் கருவியும் உள்ளவர்களுக்காக இம்முறை பிறக்கவில்லை. வெளியே போக முடியாத மனிதர் ஒருவர், கிடைத்த இடத்தில் வளர்த்தெடுத்த முறை இது.

ஆறு அடிப்படைகள்

பிலாட்டிஸ் முறையைப் பற்றி 1980 இல் வெளிவந்த ஒரு நூல் அதன் அடிப்படைகளை ஆறாக வகுத்தது. இன்று உலகெங்கும் அவையே கற்பிக்கப்படுகின்றன.

ஒருமுகப்பாடு: உடலின் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதில் மனம் இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு செய்வதற்குரிய பயிற்சியன்று இது.

கட்டுப்பாடு: காலை வீசி எறியக் கூடாது. உயர்த்திய அதே வேகத்தில் இறக்க வேண்டும்.

நடுமையம்: விலா என்புகளின் கீழ்விளிம்பிலிருந்து இடுப்பு வரையான பகுதியே எல்லா அசைவுக்கும் தொடக்க இடம்.

துல்லியம்: பிழையாகச் செய்த இருபதைவிடச் சரியாகச் செய்த ஐந்து மேல்.

மூச்சு: அசைவு மூச்சோடு சேர்ந்தே நடக்கும். மூச்சை அடக்கிச் செய்வது எதுவும் பிலாட்டிஸ் ஆகாது.

தொடர்ச்சி: ஓர் அசைவு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும், வெட்டி வெட்டி நிற்கக் கூடாது.

உடலுக்குள் நடப்பது

விஞ்ஞான பாடத்தில் படித்ததை இங்கே நினைவுபடுத்திக்கொள்வோம். முள்ளந்தண்டில் கழுத்துப் பகுதியில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரிப் பகுதியில் 5 என முள்ளென்புகள் அமைந்துள்ளன. அவற்றின் கீழே திருவென்பும் குயிலலகும் உள்ளன. நெஞ்சுப் பகுதியை விலா என்புகள் கூடுபோல் தாங்குகின்றன. நாரியின் ஐந்து முள்ளென்புகளுக்கு அத்தகைய கூடு கிடையாது. மேலுடலின் பாரத்தை அவை சுமக்கும்போது, நிமிர்த்திப் பிடிப்பவை சுற்றியுள்ள தசைகளே.

அந்தத் தசைகளை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளலாம். மேல்மூடி பிரிமென்றகடு. அடித்தட்டு இடுப்புத்தளத் தசைகள். முன்னும் பக்கமும் இடுப்புப் பட்டிபோல் சுற்றியிருக்கும் குறுக்கு வயிற்றுத் தசை. பின்னால் முள்ளென்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறு தசைகள். இந்தப் பெட்டியின் நான்கு பக்கமும் ஒன்றாக வேலை செய்யும்போது நாரி பாதுகாப்பாக இருக்கும்.

1996 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுவையான ஒன்றைக் கண்டறிந்தனர். ஆரோக்கியமானவர் கையை உயர்த்தும்போது, கைத்தசை இயங்குவதற்குச் சற்று முன்னரே குறுக்கு வயிற்றுத் தசை இறுகிவிடுகிறது. நீண்டநாள் நாரி நோ உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வருகிறது. குடத்தைத் தூக்கும் முன் நாரியைத் தாங்க வேண்டிய தசை, தூக்கிய பின் விழித்துக்கொள்கிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். வயிற்றை மெதுவாக உள்ளிழுத்த பின்னரே கைகால்களை அசைப்பது என்னும் பிலாட்டிஸ் பழக்கம், அந்தத் தசையைக் கவனத்தோடு பயன்படுத்தக் கற்பிக்கிறது.

தொடங்கும் முன்

இடம்: சீமெந்துத் தரையில் பன்பாய் ஒன்றை விரித்து, அதன்மேல் தடித்த போர்வையை இரண்டாக மடித்துப் போடுங்கள். வெறும் பாயில் முள்ளந்தண்டு அழுந்தி நோகும். மெத்தை வேண்டாம், அது அமிழ்வதால் இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாமல் போகும்.

உடை: தளர்வான நீளக் காற்சட்டையும் மேற்சட்டையும் போதும். சப்பாத்துத் தேவையில்லை, வெறுங்காலே நல்லது. விலா என்புகள் விரிய இடம்விடாத இறுக்கமான உடை வேண்டாம்.

நேரம்: சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழிய வேண்டும். சுபஹுக்குப் பின்னான அமைதியான நேரம் நமது வெக்கைக்குப் பொருத்தம். நோன்பு காலத்தில், நோன்பு திறந்து ஓரிரு மணித்தியாலத்தின் பின் இலகுவாகச் செய்யலாம்.

உதவிப் பொருட்கள்: தலைக்குக் கீழே வைக்க மடித்த துவாய் ஒன்று. வேறொன்றும் தேவையில்லை.

வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டியவர்கள்: கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள், இதய நோயோ கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், என்புகள் மெலிந்த முதியவர்கள். நாரி நோ காலுக்குள் இறங்கி விறைத்தாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் மலத்தை அடக்க முடியாமல் போனாலோ பயிற்சி எதுவும் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முதல் இரண்டு திறன்கள்

பயிற்சிகளுக்குள் போகுமுன் இரண்டு விடயங்களைக் கற்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் இவற்றுக்கே போனாலும் நட்டமில்லை.

முதலாவது, விலாமூச்சு. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் விலா என்புகளின் பக்கங்களில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலாக்கள் இரு பக்கமும் விரிந்து கைகளைத் தள்ள வேண்டும். தோள்கள் காதை நோக்கி உயரக் கூடாது. வாயால் மெதுவாக விடும்போது விலாக்கள் சுருங்கும். அந்த வேளையில் தொப்புளுக்குக் கீழுள்ள வயிற்றை முள்ளந்தண்டை நோக்கி மெல்ல உள்ளிழுங்கள். முழுப் பலத்தில் மூன்றிலொரு பங்கு போதும். உள்ளிழுத்தபடியே பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள். எட்டு மூச்சு செய்யுங்கள்.

இரண்டாவது, இடுப்பின் நடுநிலை. அதே நிலையில் படுத்திருந்து, இரு உள்ளங்கைகளின் அடிப்பகுதியை இடுப்பென்பின் முன்முனைகளிலும், விரல்நுனிகளை அடிவயிற்றின் கீழ் என்பிலும் வைத்து முக்கோணம் ஒன்றை அமையுங்கள். இடுப்பை முன்னே சரித்தால் நாரி பாயிலிருந்து வளைந்து எழும். பின்னே சரித்தால் நாரி பாயில் அழுந்தும். இரண்டையும் சில முறை மாற்றிச் செய்து, முக்கோணம் தரைக்குச் சமாந்தரமாக நிற்கும் நடு இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே நாரிக்கும் பாய்க்கும் இடையில் சிறிய இடைவெளி இருக்கும். அதுவே நடுநிலை. கதிரையில் இருக்கும்போதும் நிற்கும்போதும் இதே நிலையைத் தேடிப் பழகுங்கள்.

ஆறு தொடக்கப் பயிற்சிகள்

1. ஒற்றைக்கால் உயர்த்தல். மல்லாந்து, முழங்கால் மடித்து, நடுநிலையில் இருங்கள். மூச்சை இழுத்து ஆயத்தமாகி, விடும்போது ஒரு காலை மடித்தபடியே உயர்த்துங்கள். முழங்கால் இடுப்புக்கு நேர் மேலேயும், கீழ்க்கால் தரைக்குச் சமாந்தரமாகவும் வரட்டும். இழுத்து நிறுத்தி, விடும்போது இறக்குங்கள். கால் எழும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் வயிற்றுத் தசை இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். அப்போது பாதத்தை உயர்த்தாமல் பாயில் வழுக்கி நீட்டி மடக்கினால் போதும். மாறி மாறி ஒவ்வொரு காலுக்கும் 5 முறை.

2. பாலம். அதே தொடக்க நிலை. கைகள் உடலோடு நீண்டிருக்கட்டும். மூச்சை விடும்போது இடுப்பைப் பின்னே சரித்து, திருவென்பு, நாரி, நடுமுதுகு என முள்ளென்புகளை ஒவ்வொன்றாகப் பாயிலிருந்து கழற்றி எடுப்பதுபோல் உயருங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக வந்ததும் நின்று மூச்சை இழுங்கள். விடும்போது நடுமுதுகு, நாரி, திருவென்பு என்ற வரிசையில் இறங்குங்கள். பாயைச் சுருட்டுவதும் விரிப்பதும் போல இது நடக்க வேண்டும். 6 முறை.

3. நாற்காலி நிலை. மணிக்கட்டுகள் தோள்களுக்கு நேர் கீழேயும் முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழேயும் வர, கைகளிலும் முழங்கால்களிலும் நில்லுங்கள். மூச்சை விடும்போது வலக்காலைப் பின்னே வழுக்கி நீட்டி இடுப்பு மட்டத்துக்கு உயர்த்துங்கள். அது இலகுவானதும் இடக்கையையும் முன்னே நீட்டுங்கள். உங்கள் நாரியில் யாரோ பிளேன்டீக் கோப்பை ஒன்றை வைத்திருப்பதாக நினையுங்கள். அது சிந்தக் கூடாது. மணிக்கட்டு நொந்தால் கையைப் பொத்தி முட்டியில் நிற்கலாம். பக்கத்துக்கு 5 முறை.

4. சிப்பி திறத்தல். ஒரு பக்கமாகப் படுத்து, தலையைக் கீழ்க்கையில் வைத்து, முழங்கால்களை முன்னே மடியுங்கள். குதிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கட்டும். மூச்சை விடும்போது மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பதுபோல் உயர்த்துங்கள். இடுப்பு பின்னே உருளக் கூடாது. உருளத் தொடங்கும் இடமே உங்கள் எல்லை. பிட்டத்தின் பக்கத்தில் வேலை செய்வது தெரியும். நெடுநேரம் இருப்பதால் சோர்ந்துபோகும் தசைகள் அவை. பக்கத்துக்கு 8 முறை.

5. நெஞ்சு உயர்த்தல். குப்புறப் படுத்து நெற்றியைக் கைகளின்மேல் வையுங்கள். வயிற்றைப் பாயிலிருந்து மெல்ல உள்ளிழுத்துக்கொண்டு, மூச்சை இழுக்கும்போது தலையையும் மேல்நெஞ்சையும் நான்கு விரல் அளவு உயர்த்துங்கள். பார்வை பாயிலேயே இருக்கட்டும். நாடியைத் தூக்க வேண்டாம். தோள்பட்டைகள் இடுப்பை நோக்கிக் கீழே வழுக்கட்டும். விடும்போது இறங்குங்கள். நாள் முழுவதும் புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருக்கும் முதுகுக்கு இது எதிர்மருந்து. 6 முறை.

6. நூறு. ஜோசப் பிலாட்டிஸின் நூலில் முதலாவதாக வரும் பயிற்சி இது. அவர் காட்டிய முழு வடிவத்தில் தலையும் கால்களும் உயர்ந்திருக்கும். தொடக்கத்தில் அது வேண்டாம். தலை துவாயிலும் பாதங்கள் பாயிலும் இருக்க, கைகளைப் பாயிலிருந்து சற்று உயர்த்தி, நீரில் தட்டுவதுபோல் சிறிதாக மேலும் கீழும் அசையுங்கள். ஐந்து தட்டலுக்கு மூச்சை இழுத்து, ஐந்து தட்டலுக்கு விடுங்கள். அது ஒரு சுற்று. பத்துச் சுற்றானால் நூறு. முதலில் மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொள்ளலாம்.

முடிவில் முழங்காலிட்டுக் குதிகளில் அமர்ந்து, உடலை முன்னே மடித்து, நெற்றியைப் பாயில் வைத்து ஐந்து மூச்சு ஓய்ந்திருங்கள்.

நான்கு வார ஒழுங்கு

முதல் வாரம்: விலாமூச்சு, நடுநிலை, பாலம். மூன்று நாட்கள், நாளுக்குப் பத்து நிமிடம்.

இரண்டாம் வாரம்: இவற்றோடு ஒற்றைக்கால் உயர்த்தலும் நாற்காலி நிலையும். மூன்று நாட்கள், பதினைந்து நிமிடம்.

மூன்றாம் வாரம்: சிப்பி திறத்தலையும் நெஞ்சு உயர்த்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாட்கள், இருபது நிமிடம்.

நான்காம் வாரம்: 'நூறு' உட்பட ஆறும். மூன்று அல்லது நான்கு நாட்கள், இருபது முதல் இருபத்தைந்து நிமிடம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்வது தொடக்கத்தில் நல்லது. மாதவிடாய் நாட்களில் உடல் இடங்கொடுத்தால் மூச்சு, பாலம், ஓய்வு நிலை போன்றவற்றைத் தொடரலாம். அசதியாக இருந்தால் விட்டுவிடலாம். பரீட்சைக் காலத்திலும் முழுவதாக நிறுத்த வேண்டாம். ஐந்து நிமிடம் செய்த நாளும் கணக்கில் சேரும்.

தொடங்குவோர் கவனிக்க

தசை களைத்து நடுங்குவது இயல்பு. மூட்டிலோ முள்ளந்தண்டிலோ கூராகக் குத்துவது இயல்பன்று. அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். நோவைத் தாங்குவது இம்முறையில் திறமையாகக் கருதப்படுவதில்லை.

கழுத்து நொந்தால், வயிறு செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்கிறது என்று பொருள். தலையைக் கீழே வைத்துக்கொண்டு தொடருங்கள்.

எண்ணிக்கையை ஓடி முடிக்க வேண்டாம். மெதுவாகச் செய்வதே கடினம் என்பதைச் சில நாட்களில் நீங்களே உணர்வீர்கள்.

காணொளி பார்த்துக் கற்போர், முற்றிலும் புதியவர்களுக்கானதும் பாயில் மட்டும் செய்வதுமான பாடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். கற்பிப்பவர் எங்கே கற்றவர் என்று பாருங்கள். உடலின் எந்த இடத்தில் உணர வேண்டும், எது பிழை, நொந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருபவரே ஆசிரியர். "பத்து நாளில் தட்டை வயிறு" என்று அழைப்பவரிடம் போக வேண்டாம். முதலில் முழுப் பாடத்தையும் இருந்து பாருங்கள், பிறகு செய்யுங்கள். படுத்திருந்து தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தால் கழுத்துப் பிடிக்கும்.

இருவராகச் செய்வது இன்னும் நல்லது. ஒருவர் செய்ய மற்றவர் பக்கத்திலிருந்து இடுப்பு சரிகிறதா, தோள் உயர்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். ராத்தாவும் தங்கச்சியும், உம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் கண்ணாடியாகலாம்.

எதிர்பார்க்கக் கூடியதும் கூடாததும்

நாரி நோவுக்குப் பிலாட்டிஸ் பயன்படுகிறதா என்று 10 மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு ஒன்று 2015 இல் வெளிவந்தது. பெரிதாக ஒன்றும் செய்யாமலிருப்பதைவிடப் பிலாட்டிஸ் செய்தோருக்கு நோவும் இயலாமையும் குறைந்தன என்றும், அந்தச் சான்று நடுத்தரம் அல்லது அதற்குக் குறைந்த தரமுடையது என்றும் அது கூறியது. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் தெளிவாகச் சொன்னது. ஆகவே இதை அதிசய மருந்தாக யாரும் கொள்ளத் தேவையில்லை. உடலை இயக்கும் நல்ல வழிகளுள் இதுவும் ஒன்று. அறைக்குள், அமைதியாக, செலவில்லாமல் செய்யலாம் என்பதே நமது சூழலில் இதற்குரிய சிறப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கநிலைப் பிலாட்டிஸ் இதயத்தை வேகமாகத் துடிக்க வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 60 நிமிடத்தில் பெரும்பங்கு மூச்சு வாங்கும் இயக்கமாக இருக்க வேண்டும். விறுவிறு நடை, கயிறடித்தல், வலைப்பந்து ஆகியவற்றின் இடத்தைப் பாய் பிடிக்க முடியாது. ஆனால் பாயில் பலம்பெற்ற உடல் நடைக்கும் ஆட்டத்துக்கும் இலகுவாகத் திரும்பும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பெண்பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு, வீட்டு வேலை போதாதா என்று கேட்போர் உண்டு. வீட்டு வேலை உடலை இயக்குவது உண்மை. ஆனால் கூட்டுவதும் துவைப்பதும் துருவுவதும் பெரும்பாலும் உடலை முன்பக்கமாகக் குனிய வைக்கும் வேலைகள். நிமிர்த்தும் தசைகளுக்கும் பக்கத் தசைகளுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். பெண்ணுடலுக்குப் பயிற்சி ஆகாது என்ற அச்சமும் சில வீடுகளில் இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் வளரும் குழந்தையின் பாரத்தைத் தாங்குபவை. அவற்றை அறிந்து பழகிய பெண்ணுக்கு அது கர்ப்ப காலத்திலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் உதவும்.

நீங்கள் செய்யக்கூடியவை சிறியவை. வாரத்தில் மூன்று நாள், ஓர் அறையை இருபது நிமிடம் ஒழித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் தேத்தண்ணி ஊற்றவும் தம்பியைப் பார்க்கவும் மகளைக் கூப்பிடாதிருங்கள். வாப்பாமார் கதவடியில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். உம்மாமார் பக்கத்தில் இன்னொரு பாயைப் போடலாம். நோவு நெடுநாள் நீடித்தால் தைலத்தோடு நிறுத்தாமல், அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். எந்தப் பயிற்சி யாருக்குப் பொருந்தும் என்று சொல்லப் பயின்றவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மாணவியரே, பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு போகப்போவதும் இந்த உடல்தான். பல்கலைக்கழகத்திலும் வேலையிடத்திலும் நாளைய வீட்டிலும் நீங்கள் நிமிர்ந்து இருக்க வேண்டும். நாரியின் ஐந்து முள்ளென்புகளைப் பரீட்சைக்காகப் பாடமாக்குவதோடு நிற்காமல், அவற்றைத் தாங்கும் தசைகளுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் கொடுங்கள். இன்றிரவு உறங்கப் போகுமுன் முழங்காலை மடித்து, கைகளை விலாவில் வைத்து, எட்டு மூச்சு எடுத்துப் பாருங்கள். முதற் பாடம் அங்கே தொடங்கிவிடும்.